ஓசூர் ஆலையும் நார்வே மீன் பண்ணையும்

2024 செப்டம்பர் 28 அன்று ஓசூர் அருகே டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் பெருந்தீ மூண்டது. கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள இயந்திரங்கள் ஒரே கூரையின்கீழ் நிற்கும் இத்தகைய ஆலைகளின் ஆபத்து முழுவதையும் ஒரே காப்பீட்டு நிறுவனம் சுமப்பது அரிது. பிரீமியத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, ஆபத்தில் ஒரு பங்கை அது வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும். இதுவே மறுகாப்பீடு. இந்தியாவில் பொதுவாக ஒவ்வொரு பொதுக்காப்பீட்டு பாலிசியிலும் 4 விழுக்காடு அரசு நிறுவனமான ஜி.ஐ.சி. ரீ-க்குப் போக வேண்டும் என்பது 2022-23 முதல் விதி. பெரிய ஆபத்துகளில் இன்னொரு பகுதி மியூனிக், சூரிச், லண்டன் வரை போவதுண்டு.

ஓசூர் எல்லையில் ஜூஜூவாடியைத் தாண்டி கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் மாநிலம் மாறும். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் மாறாது. ஆபத்து கடல் கடக்கும்போதோ சட்டமே மாறலாம். அங்கேதான் வழக்கு பிறக்கிறது.

நார்வேயில் ஒரு மீன் பண்ணை. இருபத்து நான்கு மணி நேரமும் காவல் இருக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. காவல் இல்லை, ஆனால் பண்ணையை அழித்தது புயல். காவலாளி இருந்தாலும் புயல் நின்றிருக்காது என்பதால், நார்வே சட்டப்படி வெஸ்டா என்ற காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தந்தது. அதில் 90 விழுக்காட்டை ஏற்றிருந்த லண்டன் மறுகாப்பீட்டாளர்கள் மறுத்தார்கள். நிபந்தனை மீறப்பட்டாலே பொறுப்பு முடிந்துவிடும் என்பது அன்றைய ஆங்கிலச் சட்டம். 1989இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, இரு ஒப்பந்தங்களிலும் உள்ள ஒரே வாசகத்துக்கு ஒரே பொருள்தான் என்று கூறி, வெஸ்டாவுக்குப் பணம் தரச் சொன்னது.

2009இல் அதே மன்றம் வேறு முடிவுக்கு வந்தது. அல்கோவா நிறுவனத்தின் பல பத்தாண்டு மாசுக்கு அதன் காப்பீட்டு நிறுவனமான லெக்சிங்டன் முழுப் பொறுப்பு என்றது அமெரிக்க நீதிமன்றம். லெக்சிங்டன் எடுத்திருந்த மறுகாப்பீடோ 1977 முதல் 1980 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. அந்தக் கால வரம்பு வளையாது என்றார்கள் நீதிபதிகள். இடைவெளியைச் சுமந்தது லெக்சிங்டன்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பட்டறை நடத்துவோர் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தம் காப்பீட்டு நிறுவனத்துடன் மட்டுமே. மறுகாப்பீட்டாளர் பணம் தரவில்லை என்பதைக் காட்டி அது உங்கள் இழப்பீட்டை நிறுத்த முடியாது. அதே வேளை, காவலும் தீயணைப்புக் கருவியும் பற்றிய நிபந்தனைகளைக் கையெழுத்திடும் முன்பே படித்துவிடுங்கள். தீக்குப் பிறகு எல்லோரும் முதலில் புரட்டும் பக்கம் அதுதான்.