சாப்பிட 60 நாள் முன்பே இடம் பிடிக்கணும்! டிஸ்னி வேர்ல்டில் பசிக்கு என்ன வழி?

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ, மகளையோ பார்க்கப் போகும் நம்ம ஊர் அப்பா, அம்மாக்களுக்கு எப்படியும் ஒருநாள் இந்தப் பயணம் வந்துவிடுகிறது.

"புளோரிடா போறோம். டிஸ்னி வேர்ல்டு பாத்துட்டு வந்துடலாம்" என்று மகன் கிளப்பிவிடுவான். பேரப்பிள்ளைகள் குதிப்பார்கள்.

கோட்டை, ராட்டினம், எலி வேஷம் எல்லாம் சரி. மத்தியானம் 12 மணிக்கு வயிறு கேட்குமே! அங்கேதான் இருக்கிறது சிக்கல்.

வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்பது நாலு ராட்டினம் நிற்கும் பொருட்காட்சித் திடல் அல்ல. ஆர்லாண்டோ நகருக்குப் பக்கத்தில் சுமார் 40 சதுர மைல் பரப்பு. 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந்தேதி திறந்தார்கள். இப்போது உள்ளே 4 பெரிய பூங்காக்கள். தங்குவதற்கு 20-க்கும் மேற்பட்ட ஓட்டல்கள். சாப்பாட்டுக் கடைகளோ நூற்றுக்கணக்கில்!

ஒரே ஒரு நாளைக்கு டிக்கெட் எடுத்தால் ஆளுக்கு 100 டாலருக்கு மேல். நம்ம காசுக்கு 8 ஆயிரத்தைத் தாண்டும். சாப்பாட்டுச் செலவு அதற்கு மேலே தனி. விவரம் தெரியாமல் உட்கார்ந்தால், ஒருவேளைச் சாப்பாட்டிலேயே பர்ஸ் இளைத்துவிடும்.

விடிவதற்குள் முண்டியடி!

அங்கே சாப்பாட்டுக் கடை இரண்டு ரகம். ஒன்று, கவுண்டரில் பணம் கட்டி, தட்டை நாமே தூக்கிக்கொண்டு வருவது. இன்னொன்று, மேஜையில் உட்கார்ந்தால் ஆள் வந்து பரிமாறுவது.

இந்த இரண்டாவது ரகத்துக்கு 60 நாள் முன்பிருந்தே இடம் பதிவு செய்கிறார்கள். பேர்பெற்ற கடைகளுக்கு விடியற்காலையிலேயே எழுந்து, கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடக்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போக ரெயில் டிக்கெட் எடுக்கிற அதே பாடுதான்.

இடம் பிடித்துவிட்டுச் சொல்லாமல் போகாமல் இருந்தால், பெரும்பாலான கடைகளில் தலைக்கு 10 டாலர் அபராதம். சாப்பிடாததற்கும் காசு!

இன்னொரு விஷயம். அங்கே 10 வயது ஆகிவிட்டால் 'பெரிய ஆள்' கணக்கு. மிக்கி எலி மேஜைக்கு மேஜை வந்து கைகுலுக்கும் 'செப் மிக்கீஸ்' என்ற விருந்துக்கூடத்தில் பெரிய ஆளுக்கு 50 டாலருக்கு மேல் ஆகிறது. "எனக்கு ரெண்டு வாய் போதும்ப்பா" என்று பாட்டி சொன்னாலும் முழு ரேட்தான்.

மெனுவில் இருக்கும் விலையோடு கணக்கு முடிவதும் இல்லை. வரி தனி. பரிமாறுகிறவருக்கு 'டிப்ஸ்' தனி. 6 பேர், அதற்கு மேல் சேர்ந்து போனால் 18 சதவீதம் டிப்சை பில்லிலேயே போட்டுவிடுகிறார்கள்.

26 வருடம் மாறிக்கிடந்த பெயர்

எல்லோருக்கும் ஆசை, கோட்டைக்குள்ளே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான். 189 அடி உயர சின்ட்ரெல்லா கோட்டை. அதன் மாடியில் ஒரு உணவகம். இளவரசி வேஷம் போட்ட பெண்கள் வந்து பேசுவார்கள். குழந்தைகள் வாய் பிளந்துவிடும்.

இதில் ஒரு தமாஷ். 1971-ல் இதற்கு வைத்த பெயர் 'கிங் ஸ்டீபன் விருந்து மண்டபம்'. அந்த ஸ்டீபன் ராஜா யார்? சின்ட்ரெல்லாவுக்கு உறவே இல்லாதவர். வேறொரு கதையில் நூறு வருடம் தூங்குகிற இளவரசியின் அப்பா!

கல்யாண மண்டப வாசலில் வேறு வீட்டுக்காரர் பெயரை எழுதி வைத்த மாதிரி 26 வருடம் அது அப்படியே இருந்தது. 1997-ல்தான் சின்ட்ரெல்லா பெயருக்கு மாற்றினார்கள்.

கோட்டையைவிட உசத்தியான கடையும் உண்டு. 'கிராண்ட் புளோரிடியன்' ஓட்டலில் உள்ள 'விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ்'. 2022-ல் மறுபடி திறந்தபோது ஆளுக்கு 295 டாலர் என்று வைத்தார்கள். 2024-ல் மிஷலின் நட்சத்திரமும் வாங்கிவிட்டது. 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை உள்ளே விடுவதில்லை. நமக்கு எதற்கு அது? மேலே போவோம்.

"முழங்கையை எடு! காய் ஏன் மிச்சம்?"

ஜனங்கள் திரும்பத் திரும்பப் போகிற கடைகளில் ஒன்றில் திட்டுதான் விசேஷம்.

'ஹாலிவுட் ஸ்டுடியோஸ்' பூங்காவில் இருக்கிறது 'பிப்டீஸ் பிரைம் டைம் கபே'. 1989-ல் வந்தது. உள்ளே போனால் 1950-களின் அமெரிக்க வீட்டுச் சமையலறை போலவே இருக்கும். மேஜைக்கு மேஜை பழைய டெலிவிஷன் பெட்டி. அந்தக் காலத்துக் கறுப்பு-வெள்ளை நிகழ்ச்சிகள் ஓடும்.

பரிமாற வருகிறவர் 'அம்மா' அல்லது 'அத்தை'. "கை கழுவினாயா?" என்றுதான் ஆரம்பம். மேஜை மேல் முழங்கையை ஊன்றினால் அதட்டல். பீன்ஸ் பொரியலைத் தட்டில் ஒதுக்கினால் போச்சு! ஸ்பூனில் எடுத்து, ஆகாய விமானம் வருகிற மாதிரி சுற்றிக்காட்டி வாயில் ஊட்ட வந்துவிடுவார். ஐம்பது வயது ஆசாமியாக இருந்தாலும் விடமாட்டார். பக்கத்து மேஜையெல்லாம் சிரிக்கும்.

வறுத்த கோழி, கொத்துக்கறியில் செய்த ரொட்டி போன்ற பண்டம், வேகவைத்த மாட்டுக்கறி - இவைதான் முக்கிய அயிட்டம். வேர்க்கடலை வெண்ணெயும் ஜெல்லியும் கலந்த மில்க் ஷேக்குக்குத் தனிக் கிராக்கி.

காசு கொடுத்துத் திட்டு வாங்குவதா என்று கேட்கலாம். வீட்டைவிட்டு வந்து பல வருடம் ஆனவர்களைக் கேட்டால்தான் அதன் ருசி தெரியும்.

கையில் கதாயுதம்!

பூங்காவில் நடந்துகொண்டே ஒரு ஆசாமி பீமன் கதாயுதம் போல எதையோ தூக்கிக்கொண்டு கடித்துக்கொண்டு வந்தால் பயப்பட வேண்டாம். அது வான்கோழிக் கால்.

1980-களின் கடைசியில் விற்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு டிஸ்னி என்றாலே அதுதான் பலருக்கு ஞாபகம். ஒன்று வாங்கினால் இரண்டு பேர் சாப்பிடலாம். "இது வான்கோழி இல்லை, எமு கால்!" என்று ஒரு வதந்தி நெடுநாளாக உண்டு. உண்மை அதுவல்ல. கடைகளில் சாதாரணமாக விற்பது பெட்டையின் கால். இங்கே விற்பது சேவலின் கால். அதனால்தான் அவ்வளவு பெரிசு.

சைவக்காரர் பாடு

சரி, கறி தொடாதவர் என்ன செய்வார்?

ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு வறுவலே கதி. இப்போது அப்படி இல்லை. 2019-ல் ஒரு ஏற்பாடு அறிவித்தார்கள். மெனுவில் இலைக் குறி போட்டிருந்தால் அதில் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் கிடையாது. நம்ம பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்க்கிற மாதிரி இலையைப் பார்த்து வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இலைக் குறி இல்லாத 'காய்கறி சூப்' என்றால் கேட்டுவிட்டே வாங்க வேண்டும். காய் மேலே மிதக்கும்; கோழி வேகவைத்த தண்ணீர் அடியில் இருக்கும்.

குளிர்ச்சிக்கு 'டோல் விப்'. அன்னாசிப்பழ ருசியில் சுருள் சுருளாகப் பிழிந்து தரும் ஐஸ். 1980-களில் இருந்து 'அலோகா ஐல்' கடையில் வரிசை ஓய்ந்தபாடில்லை. வெறும் அன்னாசி மட்டும் வாங்கினால் அதில் பால்கூடக் கிடையாது. மேலே வெனிலா சுற்றி வாங்கினால் பால் உண்டு.

ஜன்னலில் ஒட்டகச்சிவிங்கி

நம்ம ஆட்களுக்கு என்றே வைத்தது போல ஒரு இடம் இருக்கிறது. பெயர் 'சனா'. அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற ஓட்டலில், கிடானி வில்லேஜ் பகுதியில் 2009-ல் திறந்தார்கள். ஆப்பிரிக்கச் சமையலும் இந்தியச் சமையலும் கலந்த கடை.

அங்கே பிரமாதமாகப் பேசப்படுவது கறி அல்ல, ரொட்டி! நான், வெங்காயக் குல்சா, பன்னீர் பரோட்டா என்று சுடச்சுட வரும். தொட்டுக்கொள்ள 9 வகை: வெள்ளரி ரைத்தா, மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, கொத்துமல்லிச் சட்னி, பூண்டு ஊறுகாய்... இப்படி ஒரு வரிசை. காரம் வேண்டுபவருக்கு மிளகாய் சம்பலும் உண்டு. வெள்ளைக்காரர்கள் விரலை நக்கிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். நாலு பேர் நடுவில் வைத்துப் பிய்த்துத் தின்றால் அதுவே ஒரு வேளைக்கு ஓடிவிடும்.

தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினால் ஜன்னலுக்கு வெளியே புல்வெளி. அதில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். பகல் வெளிச்சத்தில் போனால்தான் இது நடக்கும். ராத்திரி போனால் இருட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இது பூங்காவுக்குள் இல்லை, ஓட்டலில் இருக்கிறது. பூங்கா டிக்கெட் எடுக்காமலே போகலாம். விமானத்தில் வந்து இறங்கிய களைப்பில், "இன்னிக்கு எங்கேயும் வேண்டாம்" என்கிற பெரியவர்களுக்கு இதைவிட நல்ல சாயங்காலம் கிடைக்காது.

11 நாடு இருக்கு... நாம எங்கே?

1982-ல் திறந்த 'எப்காட்' பூங்காவில் ஒரு ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் கட்டடங்கள். மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, ஜப்பான், பிரான்ஸ் என்று வரிசை. ஒவ்வொன்றிலும் அந்த நாட்டுச் சாப்பாடு.

இந்தியா? இல்லை! இத்தனை வருடத்தில் சேர்க்கவே இல்லை. சில ஆண்டுகளில் உணவுத் திருவிழா நடக்கும்போது மட்டும் இந்தியா பெயரில் ஒரு சின்னக் கடை முளைக்கும். நமக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

மெக்சிகோ கட்டடத்துக்குள் இருக்கும் 'சான் ஏஞ்சல் இன்' பார்க்க வேண்டிய இடம். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே எப்போதும் ராத்திரி. மேஜை ஓரமாகப் படகு போகும், தூரத்தில் எரிமலை தெரியும். மாமியாரும் மருமகளும் முகம் பார்க்க முடியாத அளவுக்கு மங்கல் விளக்கு.

அதே பூங்காவில் ஓசிக்கும் ஒரு இடம் உண்டு. 'கிளப் கூல்' என்ற கோகோ கோலா கடை. பல நாட்டு கலர்களைச் சின்னக் கப்பில் பிடித்துக் குடிக்கலாம், காசில்லை. அதில் இத்தாலிக் கலரான 'பெவர்லி' பெயர்போனது. வேப்பங்காய்க் கசப்பு! விவரம் தெரிந்தவர்கள் தெரியாதவர் கையில் அதைக் கொடுத்துவிட்டு, முகம் போகிற போக்கைப் பார்க்க நிற்பார்கள்.

தண்ணி இல்லாத திறப்பு விழா

இந்தச் சாப்பாட்டு ஏற்பாடெல்லாம் அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம். புளோரிடா தம்பி என்றால், கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலாந்து அண்ணன். அது 1955-ம் ஆண்டு ஜூலை 17-ந்தேதி திறந்தது. அன்று நடந்த கூத்தை இன்றும் சொல்கிறார்கள்.

கள்ள டிக்கெட் அச்சடித்து ஜனம் உள்ளே புகுந்துவிட்டது. மண்டையைப் பிளக்கும் வெயில். கடைகளில் சாப்பாடு தீர்ந்துபோனது. அதோடு, குழாய் வேலைக்காரர்கள் ஸ்டிரைக் செய்திருந்ததால் வேலை முழுதாக முடியவில்லை. கழிவறையா, குடிநீர்க் குழாயா, ஏதாவது ஒன்றுதான் என்ற நிலை. கழிவறைதான் முக்கியம் என்று முடிவெடுத்தார் வால்ட் டிஸ்னி. "கலர் விற்கத்தான் தண்ணியை நிறுத்திட்டான்" என்று ஜனம் ஏசியது.

அதே டிஸ்னிலாந்தின் 'காசா டி பிரிட்டோஸ்' என்ற மெக்சிகோ உணவுக் கடையில்தான், மிஞ்சிப்போன சோள ரொட்டியைக் குப்பையில் போடாமல் துண்டு போட்டு எண்ணெயில் பொரித்தார்கள் என்று கதை. நேற்றைய இட்லியை இன்று உப்புமா ஆக்குகிற புத்திதான்! அதைப் பிரிட்டோ கம்பெனி அதிகாரி ஆர்ச் வெஸ்ட் பார்த்தார். 1966-ல் அமெரிக்கா முழுக்க 'டோரிட்டோஸ்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2011-ல் அவர் 97 வயதில் இறந்தபோது, அடக்கம் செய்த குழியில் டோரிட்டோஸ் தூவினார்கள் குடும்பத்தார்.

கட்டுச்சோறு கொண்டு போகலாமா?

தாராளமாகப் போகலாம்! இதுதான் பல பேருக்குத் தெரியாத விஷயம்.

நம்ம ஊர் சினிமாத் தியேட்டர் மாதிரி வாசலில் டிபன் டப்பாவைப் பிடுங்கிவைப்பதில்லை. வெளிச்சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாட்டில் கூடாது, மது கூடாது, பையில் தனியாக ஐஸ் கட்டி கூடாது. சூடு பண்ணவேண்டிய பதார்த்தமாகவும் இருக்கக்கூடாது.

இன்னொரு நிபந்தனை, மூக்கைத் துளைக்கிற வாசனை கூடாது. ஆகவே கருவாடு நீங்கலாக, புளியோதரை, தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எதற்கும் தடையில்லை.

தண்ணீர்ப் பாட்டிலுக்கும் காசு அழ வேண்டாம். கலர் பிடித்துக் கொடுக்கிற எந்தக் கவுண்டரிலும் "ஒரு கப் ஐஸ் தண்ணி" என்று கேட்டால் சும்மாவே தருகிறார்கள். 1955-ல் வாங்கிய ஏச்சு வீண்போகவில்லை.

டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மட்டும் எழுந்து போய்விடக்கூடாது. நீண்டு வளைந்த மூக்கோடு வெள்ளை அரிவாள்மூக்கன் பறவைகள் மேஜைகளைச் சுற்றியே திரிகின்றன. அவற்றுக்குத் தீனி போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அவை யாரும் போடுவதற்குக் காத்திருப்பதில்லை. 60 நாள் முன்பதிவும் அவற்றுக்குக் கிடையாது.