பந்து எங்கே திரும்பும்? பவுலிங் லேனும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெயும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

பவுலிங் லேன் மேல எண்ணெய் இருக்குன்னு சொன்னா பாதிப் பேர் நம்ப மாட்டாங்க. ஆனா எல்லா ஆபீஸ் டீம்லயும் ஒருத்தர் இருப்பார்: பந்தை விட்ட வேகத்துல ஃபவுல் லைனைத் தாண்டிப் போய், கால் வழுக்கி, பொத்துன்னு உட்கார்ந்தவர். அவர்கிட்ட கேளுங்க, நம்புவார்.

முதல்ல அளவுகளைச் சொல்லிடறேன். ஃபவுல் லைன்ல இருந்து முதல் பின் வரைக்கும் 60 அடி. லேனோட அகலம் 41.5 அங்குலம். அந்த அகலத்தை 39 பலகைகளாப் பிரிச்சு எண்ணுவாங்க, ஒரு பலகை ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. இந்த 60 அடியில முதல் 40 அடி வாக்கில் மட்டும் ஒரு மெஷின் போய் மெல்லிசா எண்ணெய் பூசிட்டு வரும். கடைசி 20 அடி காய்ஞ்ச தரை. ஆரம்பத்துல மரப் பலகை தேயாம இருக்கத்தான் எண்ணெய் போட்டாங்க. இப்போ பெரும்பாலும் செயற்கைத் தளம்தான், ஆனா எண்ணெய் போகலை. ஏன்னா ஆட்டமே அதுக்குள்ள குடியேறிடுச்சு.

சரி, பந்து எதுக்குத் திரும்பணும்? நேராப் போட்டா என்ன? லேனோட ஓரத்துல நின்னு நேர்க்கோட்டுல போட்டாக்கூட, பின்களுக்குள்ள பந்து நுழையற கோணம் 2 டிகிரிகூட வராது. 60 அடிக்கு 20 அங்குலம் சாய்வு, அவ்வளவுதான். அமெரிக்காவின் யு.எஸ்.பி.சி. அமைப்பு செஞ்ச சோதனைகள்ல ஸ்ட்ரைக்குக்கு நல்ல நுழைவுக் கோணம்னு சொன்னது சுமார் 6 டிகிரி. அவ்வளவு கோணம் வேணும்னா பந்து வழியிலேயே வளையணும். அதுக்குத்தான் விடும்போது கையால பக்கவாட்டுல ஒரு சுழற்சி கொடுக்கிறது.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதிக்கு வர்றேன். காலேஜ்ல மெக்கானிக்ஸ் பேப்பர் எழுதினவங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க.

ஒரு பந்து நொடிக்கு 8 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வெச்சுக்குவோம். நிமிஷத்துக்கு 300 சுற்று, சுழற்சி 45 டிகிரி பக்கவாட்டுல சாய்ஞ்சிருக்கு. ஓரளவு நல்லா ஆடுறவரோட பந்து இது. விட்ட உடனே இது உருளாது, வழுக்கும். பந்தோட அடிப்பகுதி தரை மேல தேய்ச்சுக்கிட்டே போகும். அந்தத் தேய்ப்புல வர்ற உராய்வுதான் பந்தை முன்பக்கம் மெதுவாக்கி, பக்கவாட்டுல தள்ளும். தொடுற இடத்துல தேய்ப்பு நின்ன அந்த நொடியில இருந்து பந்து சுத்தமா உருள ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் வளைவு கிடையாது, நேர்க்கோடு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஒரே சீரான கெட்டி உருண்டையா இருந்தா, உருள ஆரம்பிக்கும்போது கிடைச்சிருக்கிற பக்கவாட்டு வேகம், கை கொடுத்த பக்கவாட்டுச் சுழற்சி வேகத்துல ஏழுல ரெண்டு பங்கு. இந்த விடையில உராய்வுங்கிற எண்ணே வராது! எண்ணெய்த் தரையோ காய்ஞ்ச தரையோ, கடைசியில கிடைக்கிற திருப்பம் ஒண்ணுதான். நம்ம கணக்குப் பந்துக்கு அது சுமார் 6 டிகிரி. (நிஜப் பந்துக்குள்ள எடை சமமாப் பரவியிருக்காது, அதனால அந்தப் பின்னம் கொஞ்சம் மாறும்.)

அப்போ எண்ணெய் என்னதான் பண்ணுது? திருப்பம் எவ்வளவுங்கிறதை அது தீர்மானிக்கறதில்லை, எங்கேங்கிறதைத் தீர்மானிக்குது. வட்டியில்லாக் கடன் மாதிரி நினைச்சுக்கோங்க. மொத்தத் தொகை நீங்க பந்தை விடும்போதே முடிவாயிடுச்சு. உராய்வுதான் இ.எம்.ஐ. காய்ஞ்ச தரையில பெரிய இ.எம்.ஐ., சீக்கிரம் அடைஞ்சிடும். எண்ணெயில சின்ன இ.எம்.ஐ., இழுத்துக்கிட்டே போகும்.

எண்ணெய்க்கு உராய்வு எண் 0.04, காய்ஞ்ச தரைக்கு 0.2ன்னு வெச்சு நான் போட்டுப் பார்த்தேன். 40 அடி எண்ணெய், 20 அடி காய்ஞ்ச தரைன்னா, திருப்பத்துல மூணுல ஒரு பங்குதான் எண்ணெயில நடக்குது. மீதி மூணுல ரெண்டு பங்கு, எண்ணெயைத் தாண்டின அடுத்த 13 அடியில. டிவியில பார்க்கும்போது பந்து போய்க்கிட்டே இருந்து "சட்"டுனு உள்ளே திரும்புதே, அது இதுதான். (விடும்போதே கொஞ்சம் வெளிப்பக்கமா விடுவாங்க, அதனால நுழைவுக் கோணம் 6-ஐ விடக் கொஞ்சம் குறையும்.)

அதே பந்தை எண்ணெயே இல்லாத லேன்ல விட்டா? 21 அடியிலேயே கடன் அடைஞ்சிடுது. மீதி 39 அடியும் 6 டிகிரி சாய்வுல நேரா உருளும், அதாவது 50 அங்குலம் பக்கவாட்டுல. லேனோட அகலமே 41.5 அங்குலம்தான். பந்து அந்தப் பக்கக் கட்டர்ல கிடக்கும்.

60 அடியும் எண்ணெயா இருந்தா, பின் வந்து சேரும்போது பாதிக் கடன்தான் அடைஞ்சிருக்கும். கோணம் சுமார் 3 டிகிரி. பந்து இன்னும் வழுக்கிக்கிட்டேதான் பின்ல மோதும். மோதுற சத்தம் நல்லாத்தான் இருக்கும், ஆனா ஓரத்துல 10-ஆம் பின் அசையாம நின்னு நம்மளைப் பார்க்கும்.

இது தெரியாததால என் நண்பர் ஒருத்தர் இந்த ஆட்டத்தையே விடப் போனார். வாரக்கடைசி லீக் ஆடுறவர், கடையில கிடைக்கிற பிளாஸ்டிக் பந்துலயே 150 வாக்கில் போட்டுக்கிட்டிருந்தார். ஒரு மாச வீட்டு வாடகை அளவுக்குப் பணம் போட்டு, அளவெடுத்துத் துளை போட்ட சொந்தப் பந்து வாங்கினார். ஸ்கோர் 120-க்கு இறங்கிச்சு. "எனக்குக் கை சரியில்லடா, வித்துடறேன்"னு மெசேஜ் பண்ணினார். கை நல்லாத்தான் இருந்தது. அவர் வாங்கினது சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள, எண்ணெய் நிறைய இருக்கிற லேனுக்கான பந்து. அவர் ஆடுறதோ ராத்திரி 8 மணிக்கு மேல, நாள் முழுக்க ஆடித் தீர்த்த லேன்ல. பந்து பாதி வழியிலேயே திரும்பி முதல் பின்னுக்கு இடப்பக்கமா ஓடிடுச்சு.

ஏன்னா இ.எம்.ஐ.யை லேன் மட்டும் முடிவு பண்றதில்லை, பந்தோட தோலும் முடிவு பண்ணும். பாலியெஸ்டர், அதாவது பிளாஸ்டிக் பந்து, வழவழன்னு காய்ஞ்ச இடத்துலகூடப் பெரிசாப் பிடிக்காது. அதனாலதான் பெரிய ஆட்டக்காரங்க ஓரத்துல நிக்கிற ஒத்தைப் பின்னை எடுக்க அதைத்தான் எடுப்பாங்க. யூரித்தேன் சீக்கிரமே பிடிச்சு மெதுவா வளையும். 1990-களின் தொடக்கத்துல வந்த ரியாக்டிவ் ரெசின் பந்துல நுண்துளைகள் இருக்கு, அது எண்ணெயையே உறிஞ்சும், காய்ஞ்ச தரையைத் தொட்டதும் வெடுக்குனு திரும்பும். அதே பந்தையே 500-ஆம் நம்பர் தேய்ப்பட்டையால சொரசொரப்பாக்கினா எண்ணெய்லயும் பிடிக்கும். 4000-ல தேய்ச்சோ பாலிஷ் போட்டோ விட்டா நீளமா வழுக்கிப் போய்த் திரும்பும். நண்பருக்கும் அதைத்தான் பண்ணினாங்க: புதுப் பந்து இல்லை, பழைய பந்துக்கு ஒரு பாலிஷ். இப்போ மறுபடி ஆடறார். பந்தை விக்கலை.

தோலோட மகிமையை 1973-லேயே ஒருத்தர் காட்டிட்டார். டான் மெக்யூன்னு ஒரு அமெரிக்க ஆட்டக்காரர், பிளாஸ்டிக் பந்தை ரசாயனத்துல ஊறப்போட்டு மேற்பரப்பை மெதுவாக்கினார். அந்த ஒரே வருஷத்துல 6 பட்டம், வருடத்தின் சிறந்த வீரர் விருது. அப்புறம்தான் பந்து இவ்வளவு கடினமா இருக்கணும்னு விதி வந்தது.

உள்ளே இருக்கிற கோரைப் பத்தி விளம்பரங்கள் நிறையப் பேசும். ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும்: கோர் சமச்சீரா இல்லாததால சுழலும் அச்சு மெல்ல நகரும், ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணெய் படாத புதுத் தோல் தரையைத் தொடும். போட்டுத் திரும்பி வந்த பந்துல பக்கத்துப் பக்கத்துல எண்ணெய் வளையங்கள் தெரியுதே, அதுதான் சாட்சி. என் கணிப்புல, லேனும் தோலும் பொருந்தாத இடத்துல எந்தக் கோரும் காப்பாத்தாது.

எண்ணெயை எங்கே எவ்வளவு போடறாங்கங்கிறதும் இருக்கு. நம்ம மால் லேன்கள்ல நடுவுல நிறைய, ஓரத்துல கொஞ்சமா போடுவாங்க. பத்து மடங்கு வித்தியாசம்கூட இருக்கும். வலக்கைக்காரர் தப்பா வலப்பக்கம் விட்டா காய்ஞ்ச தரை பந்தை உள்ளே திருப்பிக் கொடுக்கும். இடப்பக்கம் தப்பினா நடு எண்ணெய் வளையவிடாமப் பிடிச்சு வைக்கும். புனல் மாதிரி. போட்டி லேன்ல அந்த வித்தியாசம் 3 மடங்கு அளவுக்குத்தான் இருக்கும், அதனால புனல் கிடையாது. மால்ல 190 போடறவர் போட்டிக்குப் போய் 150-ல நிக்கறது இதனாலதான். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகள்ல எண்ணெய் அமைப்புக்கு மிருகங்கள் பேர்: சீட்டா சுமார் 35 அடி, பேட்ஜர் 52 அடி. எண்ணெய் நீளத்துல 31-ஐக் கழிச்சா, வலது ஓரத்துல இருந்து எத்தனாவது பலகையில பந்து திரும்பத் தொடங்கணும்னு தோராயமா வரும். 40 அடின்னா 9-ஆம் பலகை.

இதுக்கெல்லாம் மேல, எண்ணெய் போட்ட இடத்துலயே இருக்காது. கேரம் போர்டுல பவுடர் போட்டு நாலு ஆட்டம் ஆனதும் எல்லாரும் அடிக்கிற பாதையில மட்டும் ஸ்ட்ரைக்கர் சொரசொரன்னு போகும் இல்லையா, அதேதான். ரியாக்டிவ் பந்துகள் உறிஞ்சி எடுத்துடும். பிளாஸ்டிக்கும் யூரித்தேனும் எண்ணெயைக் காய்ஞ்ச பக்கம் இழுத்துட்டுப் போகும். முதல் கேம்ல ஸ்ட்ரைக் கொடுத்த கோடு மூணாவது கேம்ல கிடையாது. கிரிக்கெட்டுல பிட்ச் வெடிக்கறது கண்ணுக்காவது தெரியும். இங்கே பந்தோட பாதை மட்டும்தான் தகவல்.

அதனால அடுத்த தடவை போகும்போது பின் எத்தனை விழுந்ததுங்கிறதை விட, பந்து எந்த இடத்துல திரும்புச்சுன்னு பாருங்க. முதல் பின்னுக்கு இடப்பக்கம் ஓடுதா? நிக்கிற இடத்தை ரெண்டு பலகை இடப்பக்கம் நகர்த்துங்க, பந்து அதிக எண்ணெய் வழியாப் போகும். எட்டாம வலப்பக்கமே நிக்குதா? கால் வலப்பக்கம். இடக்கைக்காரங்க பக்கத்தை மாத்திக்கோங்க. கையை மாத்தறது, பந்தை மாத்தறதெல்லாம் அதுக்கப்புறம்.

ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மாண்டி மாதிரி ரெண்டு கையால போடறவங்க இந்தக் கணக்கை எப்படி மாத்தினாங்கன்னு நிறையப் பேர் கேட்டிருந்தீங்க. அவங்க மொத்தக் கடன் தொகையையே பெரிசாக்கினாங்க. அதை அடுத்த வாரம் பேசுவோம்.