கிரியேட்டினின்: ஒரு எண்ணை வாசிக்கக் கற்றுக்கொள்வோம்

"கிரியேட்டினின் 1.2 தான், நார்மல்னு போட்டிருக்கு" என்று பரிசோதனைச் சீட்டை மடித்து வைத்துவிடும் உழவர்களைப் பார்க்கிறேன். கொஞ்சம் ஏறிவிட்டால், அதை எந்தக் கசாயம் குறைக்கும் என்று தேடுபவர்களையும் பார்க்கிறேன். அந்த எண் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

நம் தசைகளில் கிரியேட்டின் என்ற பொருள் இருக்கிறது. மண்வெட்டி போடவும் மூட்டை தூக்கவும் உடனடி ஆற்றல் தருவது அது. அதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு தினமும் தானாகச் சிதைந்து கிரியேட்டினின் ஆகிறது. அடுப்பு எரிந்தால் சாம்பல் விழுவது மாதிரிதான். உடம்புக்கு அது வேண்டாத கழிவு. சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பிவிடும்.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குக் கணக்காகச் சொன்னால்தான் புரியும். தசை தினமும் ஏறக்குறைய ஒரே தொகையை வரவு வைக்கிறது. சிறுநீரகம் எடுத்துச் செலவழிக்கிறது. பரிசோதனையில் தெரிவது நிலுவை. வரவு கூடாமல் நிலுவை மட்டும் ஏறினால், சிறுநீரகம் எடுப்பது குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஒரே எண், வேறு வேறு பொருள்

தசை அதிகமுள்ளவருக்கு வரவும் அதிகம். அதனால் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, வடிகட்டும் திறனைக் கணக்கிடுகிறார்கள். சீட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்று இருக்கும். அதே 1.2, 25 வயது இளைஞருக்குச் சுமார் 86. 65 வயது அம்மாவுக்குச் சுமார் 50. இது 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். பாதித் திறன் போன பிறகும் கிரியேட்டினின் நார்மலாகவே காட்டக்கூடும், வலியும் இருக்காது.

நமக்கு ஏன் இது முக்கியம்?

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் முக்கியக் காரணங்கள். ஆனால் ஆந்திராவின் உத்தானம், இலங்கையின் வடமத்திய மாகாணம், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள் ஆகிய இடங்களில், இந்த இரண்டும் இல்லாத உழைப்பாளிகளுக்கும் சிறுநீரகம் பழுதாகிறது. காரணம் இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை. கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் செய்யும் வேலை, பூச்சிக்கொல்லி, குடிநீர் எல்லாம் சந்தேகப் பட்டியலில் உள்ளன. இந்த வகையில் சிறுநீரில் புரதம் அதிகம் தெரியாது. அதனால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

களை எடுக்க வரும் பெண்கள் ஒதுங்க இடமில்லை என்றே தண்ணீர் குடிப்பதில்லை. என் வயலில் நாலு கம்பு நட்டு ஓலைத் தட்டி கட்டிக் கொடுத்தேன். இப்போது குடிக்கிறார்கள். சாயங்காலம் உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக் மாத்திரையை வாங்கிப் போடுவதும் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். தண்ணீர் வற்றிய உடம்பில் அது இரட்டை அடி.

மூலிகை என்றாலே நல்லதா?

பூச்சிவிரட்டிக்கு நாம் பறிக்கும் ஆடுதீண்டாப்பாளையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குடும்பத்துச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை மீளாதபடி கெடுக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், எடை குறைக்கச் சாப்பிட்ட சீன மூலிகையில் இந்த வகைச் செடி கலந்து, பல பெண்களின் சிறுநீரகம் போனது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரின் பொட்டாசியமும் ஆபத்தாகலாம். கிரியேட்டினின் ஒரு அறிகுறிதான். மஞ்சளான இலைக்குப் பச்சை வர்ணம் அடித்தால் பயிர் தேறாது. வேரைப் பார்க்க வேண்டும்.

ஆகவே நண்பர்களே:

- நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, கொதிப்பு உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பாருங்கள். அரசு மருத்துவமனையிலேயே கேளுங்கள்.
- பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். 0.8 இருந்தது 1.2 ஆனால், அது நார்மல் என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.
- வெயில் வேலையில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர், மோர், நீராகாரம் குடியுங்கள். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும்.
- வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். வேறு மருந்து எது சாப்பிட்டாலும், நாட்டு மருந்து உட்பட, அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மண்ணைப் பரிசோதித்துவிட்டுத்தானே பயிர் வைக்கிறோம்? உடம்புக்கும் அந்த முறைதான்.