கரையொதுங்கிய பிளாஸ்டிக் மணிகளும் கணக்கெடுப்பும்

கொழும்புக்கு அப்பால் 2021 மே மாதம் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் அமிழ்ந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் சிறுமணிகளை ஏற்றிவந்தது என்பது வாசகர்கள் அறிந்ததே. சரக்குவ, நீர்கொழும்புக் கரைகள் சில நாட்களில் அம்மணிகளால் மூடப்பட்டன. படையினர் அங்கியணிந்து மணலை அரித்த காட்சி உலகெங்கும் காண்பிக்கப்பட்டது. இன்று எழும் வினா வேறு. மணலில் இன்னும் எவ்வளவு எஞ்சியுள்ளது? அதனை அறிவது எவ்வாறு?

ஒரு பிடி மணலை அள்ளிப் பார்ப்பது கணக்கெடுப்பாகாது. அலை கொண்டுவரும் மணிகள் கரையெங்கும் சமமாகப் பரவுவதில்லை. வற்றுப்பெருக்கில் நீர் ஏறி நின்ற கோட்டில் குவிந்தும், நாலடி தள்ளி ஒன்றுமில்லாமலும் காணப்படும். குவிந்த இடத்தை மட்டும் பார்ப்பவர் பேரழிவு என்பார். வெற்றிடத்தைப் பார்ப்பவர் கரை தூய்மை என்பார். எனவேதான் ஆய்வாளர் அக்கோட்டின் வழியே, கண்ணுக்குப் பிடித்த இடங்களை விடுத்து, முன்கூட்டியே குறித்த இடங்களில் 50 சென்றிமீற்றர் சதுரச் சட்டத்தை வைக்கின்றனர். அதனுள் மேல் 5 சென்றிமீற்றர் மணலை எடுத்து, 5 மில்லிமீற்றர், 1 மில்லிமீற்றர் கண்ணுடைய சல்லடைகளில் அரிக்கின்றனர். இரண்டுக்கும் இடையில் தங்குவதே எண்ணப்படுகின்றது.

அதனினும் நுண்ணியவற்றைப் பிரிக்க உப்பு கரையுமளவு கரைத்த நீர் உதவும். பொலித்தீன் வகைகள் மிதக்கும். ஆனால் போத்தல் செய்யும் பிளாஸ்டிக்கும் பீ.வீ.சீ.யும் அந்நீரிலும் அமிழ்ந்துவிடும். ஆகவே மிதந்ததை மட்டும் எண்ணினால் தொகை குறைவாகவே வரும். தீயில் உருகிக் கருகிய துண்டுகளோ கல்லென்று எண்ணி வீசப்படலாம். ஐயத்துக்குரியவற்றை அகச்சிவப்புக் கதிர்ச் சோதனையாலேயே உறுதிசெய்யலாம்.

சல்லடையில் கப்பலின் மணிகள் மட்டுமா அகப்படுகின்றன? ரெஜிபோம் உருண்டைகள், வலைநூல் துண்டுகள், போத்தல் மூடிச் சிதறல்கள் என நாமே கடலில் இட்டவையும் அகப்படுகின்றன. இவற்றை வகைபிரித்துப் பதியாத கணக்கு எவரையும் குற்றஞ்சாட்டப் போதாது.

காலமும் கருத்திற்கொள்ளப்பட வேண்டும். தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரை மணலை அரித்துச் செல்லும். கடல் தணிந்ததும் மணல் மீளச் சேரும். புதிய மணலின் கீழ் மணிகள் புதைந்துகிடக்க, மேற்பரப்பு தூய்மையாகத் தோன்றும். ஆடியில் எண்ணியதை மாசியில் எண்ணியதோடு ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஆண்டுதோறும் எண்ணுதல் வேண்டும். ஆங்காங்கே குழி தோண்டியும் பார்த்தல் வேண்டும்.

இது வெறும் ஆய்வுகூட விவகாரமன்று. எக்ஸ்பிரஸ் பேர்ள் வழக்கில் 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈட்டுக்கு உத்தரவிட்டது. அதற்கு இரு மாதங்கள் முன்னர், 2025 மே 25ஆம் திகதி, எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் கேரளக் கரைக்கப்பால் மூழ்கியது. அடுத்த மாதமே மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலும் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. இரு விபத்துக்களின் மணிகளும் வெறுங்கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. எந்தக் கரையில் எது, முன்னரே கிடந்தது எவ்வளவு என்று கேட்டால், விபத்துக்கு முந்திய பதிவேடு ஒன்றே விடைகூறும். கடற்றொழிலாளரின் இழப்புக்கான வாதமும் அதிலேயே தங்கியுள்ளது.

சட்டமும் சல்லடையும் உப்பும் பெருஞ்செலவானவையல்ல. கரையோரப் பாடசாலைகளின் உயர்தர விஞ்ஞான மாணவர்களே, பல்கலைக்கழகமொன்றின் வழிகாட்டலுடன், இதனைச் செய்யலாம். மணி எதுவும் அகப்படாத நாளில் பூச்சியம் என்றெழுத மறவாதிருப்பதும், எடுத்த மாதிரிகளைத் திகதியிட்டுக் கண்ணாடிப் போத்தலில் பேணுவதும் அவர்களுக்கு முதலில் கற்பிக்கப்பட வேண்டியவை.