வண்டியின் 'மூளை'யை மாற்றும் முன் எர்த் வயரைப் பாருங்கள்

கடந்த தை மாதம் ஒரு நாள் அதிகாலையில் ஆலத்தூர் பகுதி விவசாயி ஒருவர் போன் செய்தார். சின்ன வெங்காயத்தில் ஏதோ நோய் என்று நினைத்து, "எந்தப் பக்கம் காயுது?" என்றேன். "வெங்காயத்துக்கு ஒண்ணும் இல்லைங்க சார், வண்டிதான் படுத்துக்கிச்சு" என்றார்.

திருச்சி சந்தைக்குப் புறப்பட வேண்டிய லோடு வண்டி அது. இருபதுக்கும் மேற்பட்ட மூட்டைகள் ஏற்றியாகிவிட்டது. சாவியைத் திருப்பியதும் வைப்பர் தானாக ஓடுகிறது, ஹெட்லைட் எரியவில்லை, இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் முனகுகிறது. பார்த்த மெக்கானிக், "பிசிஎம் போயிடுச்சு, புது பாக்ஸ்தான் போடணும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன தொகையைக் கொடுத்தால் அந்த லோடு வெங்காயப் பணத்தில் பாதி போய்விடும்.

பயிரின் இலை மஞ்சளானால் உடனே மருந்து தெளிக்காதீர்கள், வேரைத் தோண்டிப் பாருங்கள் என்று விவசாயிகளிடம் சொல்வது என் வழக்கம். வண்டிக்கும் அதே விதிதான். வாகன மின்வேலை தெரிந்த உறவினர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே எர்த் வயர் முடுக்கிய போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது. மழைக்காலத்தில் யூரியா, பொட்டாஷ் மூட்டைகளை இருக்கையோரம் வைத்துக் கொண்டுவந்ததன் பலன் அது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக முடுக்கினோம். வைப்பர் நின்றது, விளக்கு எரிந்தது. வெங்காயம் அன்றே சந்தைக்குப் போனது.

பிசிஎம் என்பது என்ன?

முன்பு ஒவ்வொரு விளக்குக்கும் தனி சுவிட்ச், தனி வயர், தனி ரிலே இருந்தது. இப்போது வரும் பல வண்டிகளில் விளக்கு, வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டு, கண்ணாடி ஆகியவற்றை ஒரே மின்னணுப் பெட்டி இயக்குகிறது. அதுதான் பாடி கன்ட்ரோல் மாட்யூல், சுருக்கமாக பிசிஎம். திருட்டுத் தடுப்புக்காகச் சாவியை அடையாளம் காணும் வேலையும் சில வண்டிகளில் இதனுடையது. நாம் சுவிட்சைத் தட்டுவது ஒரு விண்ணப்பம் மாதிரி. உத்தரவு போடுவது இந்தப் பெட்டி.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு லோடு வண்டிகளில் மின்னணுப் பாகங்கள் பெருகிவிட்டன. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புதிய புகை விதி வந்ததிலிருந்து, அவற்றின் இன்ஜினையும் மின்னணுப் பெட்டியே கட்டுப்படுத்துகிறது. ஆகவே இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி டிராக்டருக்கும் பொருந்தும்.

பழுதைக் கண்டறியும் வரிசை

ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பல்பு, பியூஸ், வயர் இவற்றில்தான் கோளாறு இருக்கும். தொடர்பில்லாத இரண்டு மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் தாறுமாறானால்தான் பிசிஎம் பக்கம் பார்க்க வேண்டும். அப்போதும் கீழ்க்கண்ட வரிசையை மாற்றாதீர்கள்.

1. பேட்டரி: வண்டி ஓய்வில் இருக்கும்போது மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் முழு சார்ஜ். 12.2-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். மின்னழுத்தம் குறைந்தாலே மின்னணுப் பெட்டி உளறத் தொடங்கும்.

2. பியூஸ்: கண்ணால் பார்த்தால் போதாது. பியூசின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து, இரண்டிலும் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள்.

3. எர்த்: மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையைப் பிசிஎம்முக்கான எர்த் வயரிலும் வைத்து விளக்கு, வைப்பரை ஓட விடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. நான் பார்த்தவற்றில் அதிகம் ஏமாற்றுவது இந்த இடம்தான்.

4. கப்ளர்: பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பிசிஎம்மில் செருகியுள்ள கப்ளர்களைப் பிரித்துப் பாருங்கள். பச்சைப் பூஞ்சை பிடித்தது போன்ற களிம்பு, ஈரம், எலி கடித்த வயர் இருக்கிறதா?

5. ஸ்கேனர்: ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் பழுதுக் குறியீடு வரும். 'பி' என்று தொடங்கினால் பாடி சம்பந்தமானது. 'யு' என்று தொடங்கினால் பெட்டிகளுக்கு இடையே தகவல் தொடர்பு அறுந்திருக்கிறது என்று பொருள். ஸ்கேனரிலிருந்து உத்தரவு கொடுத்து விளக்கு எரிந்தால் பிசிஎம் நன்றாக இருக்கிறது. சுவிட்சையும் அதன் வயரையும் பாருங்கள்.

6. தகவல் வயர்: பேட்டரியைக் கழற்றிய நிலையில் அந்த சாக்கெட்டின் 6, 14-ஆம் முனைகளுக்கு இடையே பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் அளவு காட்ட வேண்டும். 120 காட்டினால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை நெருங்கினால் இரண்டு வயரும் ஒட்டியிருக்கின்றன.

பெட்டிக்கு மின்சாரம் வருகிறது, எர்த் சரி, தகவல் வயரும் சரி, ஆனாலும் வேலை நடக்கவில்லை என்றால் மட்டுமே பிசிஎம் பழுது என்று முடிவு செய்யலாம்.

உண்மையாகவே கெடுவது எப்படி?

அரியலூர் சாலைகளில் சிமென்ட் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. நடுவழியில் பேட்டரி இறங்கிவிட்டால் லாரிக்காரர் நல்ல மனதோடு ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்ய உதவுவார். கனரக லாரிகளில் 24 வோல்ட் மின்சாரம், நம் வண்டியில் 12 வோல்ட். செந்துறை பக்கம் ஒருவருடைய வண்டியில் இப்படித்தான் பெட்டி நிஜமாகவே கருகியது. பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்தாலும் இதே கதிதான்.

அடுத்தது வெல்டிங். ரொட்டவேட்டரையோ டிரெய்லரையோ டிராக்டரில் மாட்டியபடியே பற்றவைப்பதைப் பல ஊர்களில் பார்க்கிறேன். கருவியைக் கழற்றி வைத்துப் பற்றவையுங்கள். முடியாதபோது பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே கவ்வ விடுங்கள்.

மூன்றாவது உரம். பொட்டாஷில் உள்ள குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். யூரியா சிதையும்போது வரும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். உர மூட்டையைக் கேபினில் ஏற்றாதீர்கள். சிந்தினால் ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். வாட்டர் சர்வீசின்போது டேஷ்போர்டு, பியூஸ் பாக்ஸ் பக்கம் தண்ணீரைப் பீய்ச்ச விடாதீர்கள்.

நான்காவது எலி. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால், எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். மக்காச்சோள அறுவடை முடிந்ததும் வயலில் இரை குறைந்து, கதிர் குவித்த கொட்டகைக்கு வந்துவிடும். அதே கொட்டகையில் வண்டியை நிறுத்தினால், சூடான இன்ஜின் அதற்குப் படுக்கை, வயர் அதற்குத் தீனி. சோளத்தையும் வண்டியையும் தனித்தனியே வையுங்கள். வாரக்கணக்கில் ஓட்டாமல் விடாதீர்கள். கோழி, ஆடு, நாய் திரியும் இடத்தில் விஷ உணவை வெளியில் வைக்க வேண்டாம்; பொறியே நல்லது.

மாற்ற வேண்டி வந்தால்

பழைய பெட்டியின் மேல் உள்ள பாக எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டு வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருப்பது வேறு மாடலுக்கானதாக இருக்கலாம். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் பெட்டி மலிவுதான். ஆனால் அது வேறொரு வண்டியின் சாவிக்குப் பூட்டப்பட்டதாக இருக்கலாம். மாட்டிய பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகக்கூடும்.

பழைய பெட்டி ஸ்கேனருக்குப் பதில் சொல்கிறது என்றால், கழற்றும் முன் அதில் உள்ள அமைப்பு விவரங்களைச் சேமிக்கச் சொல்லுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சில நிமிடம் கழித்தே கப்ளர்களைப் பிடுங்க வேண்டும். புதிய பெட்டியை மாட்டியதும் அந்த நிறுவன வண்டிக்கான ஸ்கேனரில் கோடிங் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் பேட்டரி இறங்கினால் புதிய பெட்டியே வீணாகலாம் என்பதால் சார்ஜர் இணைந்திருக்கட்டும். வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போங்கள். சாவிப் பதிவும் அப்போதே முடியும்.

வேலை முடிந்ததும் விளக்கு, பிரேக் லைட், ஹாரன், வைப்பர், பூட்டு என ஒவ்வொன்றையும் நீங்களே இயக்கிப் பாருங்கள். பழைய பெட்டியையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்காமல் புதிய பெட்டியை மாட்டினால், அதுவும் அதே வழியில் போகும்.

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. விதை, உரம் வாங்கும்போது அதையும் ஒன்று வாங்கி வையுங்கள். பெட்டியை மாற்றச் சொல்பவரிடம், "பேட்டரி எத்தனை வோல்ட், எர்த்தில் எத்தனை வோல்ட்?" என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால், பணத்தை எடுக்காதீர்கள்.