நீர் மறைய நீர் கட்டினால் லாபம் யாருக்கு?

நெல் வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது நம் பழைய வழக்கம். களையை அடக்க இது உதவுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்றுப் புகுவதில்லை. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் தாளையும் தழையையும் மக்கச் செய்யும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் இதே வாயுதான். 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் சுமார் 27 மடங்கு இது பூமியைச் சூடாக்கும்.

இதைக் குறைக்கும் வழி, நீர் மறைய நீர் கட்டுதல். இதன் வரவு, செலவு, ஆபத்து மூன்றையும் பார்ப்போம்.

செய்முறை: 30 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாகத்தில் துளைகள் இட்டு, 20 செ.மீ. மண்ணுக்குள் இருக்கும்படி பதித்து, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிட வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரம் தண்ணீர் நிற்கட்டும். பிறகு, குழாயினுள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டினால் போதும். பூக்கும் தருணத்தில், முன்னும் பின்னும் ஒரு வாரம், வயலைக் காயவிடவே கூடாது.

வரவு: முறையாகச் செய்தால் விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை நீர் மிச்சமாகும். மீத்தேனும் ஏறத்தாழ பாதியாகக் குறையும். 10 முறை இறைக்கும் இடத்தில் 7 முறை போதும் என்றால், டீசல் எஞ்சின் வைத்திருப்பவருக்கு 3 முறைக்கான எண்ணெய்ச் செலவு மிச்சம். இலவச மின்சாரம் உள்ளவருக்குக் கையில் காசு மிஞ்சாது. கிணற்றில் நீர் மிஞ்சும்.

செலவு: குழாயின் விலை சொற்பம். ஆனால் களை கூடும். களையெடுக்கும் கூலியும் கூடும்.

ஆபத்து: முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்கால் பாசனத்தில், வயல் காய்ந்த நாளில் தண்ணீர் வராமற்போனால் பயிர் வாடும். உவர் நிலத்தில் காயவிட்டால் உப்பு மேலேறும். காய்ச்சலும் பாய்ச்சலும் மாறி மாறி வரும்போது, யூரியாவை அதிகம் இட்டால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வேறொரு வாயு கிளம்பும். அது மீத்தேனைவிடப் பல மடங்கு கொடியது. எனவே யூரியாவைப் பிரித்து, ஈரம் வற்றியபின் இட்டு, உடனே நீர் பாய்ச்ச வேண்டும்.

ஆக, பூமி குளிர்வதன் பயன் உலகுக்கு. களைக்கூலியும் பயிர் வாடும் ஆபத்தும் விவசாயிக்கு. 2030-க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்பதாக 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் உறுதி எடுத்தபோது இந்தியா சேரவில்லை. நெல்லும் மாடும் சிறு, குறு விவசாயிகளின் பிழைப்பு என்பதே அரசு சொன்ன காரணம். அது நியாயமே. ஆனால் நீரைச் சிக்கனம் செய்யும் தேவை அதனால் நீங்கிவிடவில்லை. உரிய நாளில் வாய்க்காலில் தண்ணீர் வரும் என்ற உறுதியை அரசு தந்தால், விவசாயி தயங்க மாட்டார்.

கார்பன் வரவுக்குப் பணம் தருவதாக யாரேனும் அணுகினால், ஏக்கருக்கு எவ்வளவு, எப்போது கிடைக்கும், விளைச்சல் குறைந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.

சொந்தக் கிணறு உள்ளவர்கள் முதல் போகத்தில் ஒரு வயலில் மட்டும் செய்து, பக்கத்து வயலோடு இறைப்பு, களைக்கூலி, மகசூல் மூன்றையும் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு சரியாக வந்தால் மறு போகத்தில் விரிவாக்கலாம்.