விலைப்பட்டியலில் இல்லாத விலை

கோவையில் சிறிய கடைசல் பட்டறை நடத்திவரும் என் முன்னாள் மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்பு மனவருத்தத்துடன் என் வீட்டுக்கு வந்தார். துருப்பிடிக்காத எஃகுத் தண்டுகளைச் சிஎன்சி இயந்திரத்தில் கடைந்து, வால்வுகளுக்கான நுண்பாகங்களைச் செய்து கொடுப்பது அவரது தொழில். அனுப்பிய பாகங்களில் ஒரு பகுதி அளவு பிசகியிருப்பதாகக் கூறி, வாடிக்கையாளர் நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டது. இரவுப் பணியில் இருந்த தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று கருதி, அவரை வேலையை விட்டு நிறுத்த முடிவு செய்திருந்தார்.

அந்தத் தொழிலாளியோ, 'ராடு மாறியிருக்குதுங்க' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். அவர் எடுத்து வைத்திருந்த துண்டுகளை ஆய்வகத்துக்கு அனுப்பிய பிறகே அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. கடை ஒன்றே, தர எண்ணும் ஒன்றே, சான்றிதழிலும் குறையில்லை. ஆனால், தண்டுகள் இரு வேறு உருக்குகளைச் சேர்ந்தவை.

நம் வீடுகளில் எவர்சில்வர் என்று அழைக்கப்படும் இந்த உலோகத்தில் மிகவும் புழக்கத்தில் உள்ளது 304 என்ற தரம். அதில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. கந்தகத்துக்கு உச்சவரம்பு மட்டுமே உண்டு. அது பொதுவாக 0.03 விழுக்காடு. ஓர் உருக்கில் 0.025 விழுக்காடு கந்தகமும், மற்றோர் உருக்கில் 0.003 விழுக்காடும் இருந்தால் இரண்டுமே தேறியவைதான்.

ஆனால், இயந்திரத்துக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. கந்தகம் சிறிதளவு இருந்தால் சீவல் எளிதில் முறிந்து விழும். மிகக் குறைந்தால், சீவல் நீண்ட சுருளாகிக் கருவியைச் சுற்றிக்கொள்ளும். வெட்டுமுனை விரைவில் மழுங்கும். மைக்ரான் கணக்கில் பேசப்படும் அளவு மெல்ல நழுவும். கந்தகத்தை 0.15 விழுக்காட்டுக்கு மேல் சேர்த்த 303 தரம் கடைவதற்கு எளிது. ஆனால், துருவை எதிர்க்கும் ஆற்றலிலும் பற்றவைப்பிலும் அது பின்தங்கும் என்பதால், எல்லா இடங்களிலும் அதைப் பயன்படுத்த இயலாது. எனவேதான், இயந்திரத்தில் கடையவேண்டிய தண்டுகளுக்கு 0.015 முதல் 0.030 விழுக்காடு வரை கந்தகம் இருப்பது நல்லது என்று ஐரோப்பியத் தரநிலை பரிந்துரைக்கிறது.

தண்டின் விட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. 20 மில்லிமீட்டர் தண்டுக்கு எச்9 என்ற அளவுவரம்பு 52 மைக்ரான் வரை குறைவை அனுமதிக்கிறது. எச்6 வரம்போ 13 மைக்ரானை மட்டுமே அனுமதிக்கிறது. தண்டுக்குத் தண்டு விட்டம் மாறினால் இயந்திரத்தின் பிடி மாறும், அதிர்வு கூடும். குளிர்நிலையில் இழுத்து நேராக்கிய தண்டுகளில் உள்ளழுத்தம் தங்கியிருந்தால், ஒரு பக்கம் சீவியவுடன் பாகம் வளைந்துகொள்வதும் உண்டு.

'காந்தம் ஒட்டவில்லை, ஆகவே நல்ல சரக்கு' என்ற நம்பிக்கை சந்தையில் இன்றும் உலவுகிறது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது. குளிர்நிலையில் இழுத்த அசல் 304 தண்டிலோ சிறிது ஒட்டக்கூடும். எனவே, அது சோதனையே அன்று.

வாங்குபவர் அறியாததை விற்பவர் அறிந்திருக்கும் சந்தையில், நல்ல சரக்கை மட்டமான சரக்கு விரட்டிவிடும் என்பதைப் பழைய கார்களை உதாரணமாகக் கொண்டு 1970-இல் விளக்கியவர் ஜார்ஜ் அகர்லாஃப். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவரது கோட்பாட்டைப் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். அதே நான்தான், 'மூன்று இடங்களில் விலை கேட்டு, குறைந்ததை வாங்குங்கள்' என்று அந்த மாணவருக்கு அறிவுரையும் கூறியிருந்தேன். கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம் என்று நான் கணக்கிட்டதில் மழுங்கிய கருவிகளும், திரும்பிவந்த பாகங்களும், பறிபோக இருந்த ஒரு வேலையும் இடம்பெறவில்லை.

இன்று அவர் வாங்கும் முறை வேறு. தர எண்ணோடு கந்தகத்தின் கீழ்வரம்பையும் மேல்வரம்பையும் கொள்முதல் ஆணையிலேயே எழுதுகிறார். ஒரு தொகுதி முழுவதும் ஒரே உருக்கு எண்ணில் இருக்கவேண்டும் என்று கேட்கிறார். பொதுவான உறுதிமொழியை ஏற்காமல், அந்தச் சரக்கையே சோதித்து உற்பத்தியாளர் வழங்கும் 3.1 வகைச் சான்றிதழைக் கோருகிறார். தண்டின் எண் பொறித்த முனையைக் கடைசியில்தான் வெட்டுகிறார்கள். ஒவ்வோர் உருக்கிலும் ஒரு தண்டை முதலில் கடைந்து பார்த்த பிறகே மற்றவை இயந்திரத்துக்குச் செல்கின்றன. கையடக்க எக்ஸ் கதிர்க் கருவி தரக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் கார்பனை அளக்காது. அதற்கு ஆய்வகத்தின் நிறமாலைச் சோதனையே வேண்டும்.

இவையெல்லாம் ஒரு சிறு பட்டறைக்குச் சுமை என்பதை மறுப்பதற்கில்லை. பத்துத் தண்டு வாங்குபவர் உருக்காலைக்கு நிபந்தனை விதிக்க முடியாது. பட்டறைகள் ஒன்றுசேர்ந்து ஒரே உருக்கை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால் அது இயலும். தொழிற்பேட்டைதோறும் குறைந்த கட்டணத்தில் பொது ஆய்வகம் அமைவதும் அவசியம். மைக்ரான் துல்லியம் கேட்கும் பெருநிறுவனங்கள், அதற்கேற்ற மூலப்பொருளின் விலையையும் தம் ஒப்பந்தத்தில் சேர்க்கவேண்டும்.

அந்தத் தொழிலாளி இப்போதும் அதே பட்டறையில்தான் பணிபுரிகிறார். புதிதாக வரும் தண்டுகளின் உருக்கு எண்ணைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவரது பொறுப்பு.